கதை படித்தார்கள், சிலை வைத்தார்கள்!

வகுப்பில் ஒரு நாவல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் அதைப் படித்தார்கள். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி அலமாரியில் வைக்கவில்லை. கடிதம் எழுதினார்கள். படம் வரையச் சொன்னார்கள். பணம் திரட்டினார்கள். கடைசியில் வெண்கலத்தில் ஒரு சிலையே வைத்துவிட்டார்கள்!

இது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில் நடந்த உண்மை.

வகுப்பில் படித்த நாவலுக்கு மாணவ-மாணவிகள் எப்படிப் பதில் சொல்ல வேண்டும்? "கதைச் சுருக்கம் எழுதுக", "கதாநாயகியின் குணங்களை விவரி" என்ற கேள்விகளுக்கு விடை எழுதினால் போதுமா? அல்லது படம், குரல், பாட்டு, நாடகம், சினிமா என்று பல வழிகளில் பதில் சொல்லலாமா?

இப்போது பல பள்ளிக்கூடங்கள் இரண்டாவது வழியையும் கையாளுகின்றன. அதற்குப் "பல்லூடகம்" என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒருவர் மனதில் இருப்பதை மற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஊடகம். எழுத்து ஒரு ஊடகம். படம் ஒரு ஊடகம். குரலும் ஒரு ஊடகம்தான். இவற்றில் பலவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தினால் அது பல்லூடகம். அவ்வளவுதான்.

இதைக் கண்டு பெற்றோர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். "படிக்க அனுப்பினால், செல்போனை வைத்துக்கொண்டு படம் பிடித்துத் திரிகிறானே! இது படிப்பா, விளையாட்டா?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், சிலை வைத்த அந்தப் பிள்ளைகளின் கதையைக் கேட்க வேண்டும்.

ஓடி விளையாடிய சிறுமி

அவர்கள் படித்த நாவலின் பெயர், "சடாகோவும் ஆயிரம் காகிதக் கொக்குகளும்." எழுதியவர் எலினார் கோயர் என்ற பெண்மணி. கனடாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். நாவல் 1977-ம் ஆண்டு வெளிவந்தது. சின்னஞ்சிறிய புத்தகம். ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

கதாநாயகி சடாகோ கற்பனைப் பெண் அல்ல. ஜப்பானில் உண்மையாக வாழ்ந்த சிறுமி. ஹிரோஷிமா நகரில் 1943-ம் ஆண்டு பிறந்தவள்.

1945-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி. காலை நேரம். ஹிரோஷிமா மீது அமெரிக்க விமானம் அணுகுண்டு போட்டது. அப்போது சடாகோவுக்கு 2 வயது. குண்டு வெடித்த இடத்தில் இருந்து 2 கிலோமீட்டர் தூரம்கூட இல்லை அவள் வீடு. ஆனாலும் குழந்தை உயிர் தப்பியது. உடம்பில் காயம் எதுவும் தெரியவில்லை. பெற்றோர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

சடாகோ வளர்ந்தாள். ஓட்டப் பந்தயத்தில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தாள்.

குண்டு விழுந்து 9 ஆண்டுகள் கழிந்தன. 1954-ம் ஆண்டு கடைசியில் சடாகோவின் உடம்பில் வீக்கம் கண்டது. 1955-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ரத்தப் புற்றுநோய்! அணுகுண்டின் கதிர்வீச்சு அத்தனை காலம் ஒளிந்திருந்து தாக்கியது.

ஆயிரம் காகிதக் கொக்குகள் மடித்தால் நினைத்தது நடக்கும் என்பது ஜப்பானியர் நம்பிக்கை. படுக்கையில் கிடந்த சடாகோ கொக்கு மடிக்கத் தொடங்கினாள். நல்ல காகிதம் கிடைக்காதபோது மருந்து சுற்றி வந்த காகிதத்தை எடுத்தாள். அதையும் கொக்காக மடித்தாள்.

நோய் இரங்கவில்லை. 1955-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி சடாகோ கண் மூடினாள். அவளுக்கு வயது 12.

அவளுடன் படித்த பிள்ளைகள் அழுததோடு நிற்கவில்லை. அணுகுண்டுக்குப் பலியான குழந்தைகள் எல்லோருக்கும் ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று புறப்பட்டார்கள். துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். ஜப்பானில் 3,000-க்கும் அதிகமான பள்ளிக்கூடங்களில் இருந்து காசு வந்து சேர்ந்தது. வெளிநாடுகளில் இருந்தும் வந்தது. 1958-ம் ஆண்டு மே 5-ந் தேதி, ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் அந்தச் சின்னம் திறக்கப்பட்டது. அதன் உச்சியில் ஒரு சிறுமி, தலைக்கு மேல் கொக்கு ஒன்றைத் தூக்கிப் பிடித்து நிற்கிறாள்.

குண்டு பிறந்த மண்ணில்

இனி அமெரிக்காவுக்கு வருவோம்.

நியூ மெக்சிகோ என்பது அமெரிக்காவில் ஒரு மாநிலம். அதில் பெரிய நகரம் ஆல்புகர்க்கி. அங்கே ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சடாகோவின் கதையைப் படித்தார்கள். 1990-ம் ஆண்டை ஒட்டி இது நடந்தது.

அந்தப் பிள்ளைகளுக்கு அது தூர தேசத்துக் கதை அல்ல. ஏன் தெரியுமா? ஹிரோஷிமாவில் விழுந்த குண்டை உருவாக்கிய ஊர் லாஸ் அலமோஸ். அது நியூ மெக்சிகோவில்தான் இருக்கிறது! உலகின் முதல் அணுகுண்டு சோதனை நடந்ததும் அதே மாநிலத்துப் பாலைவனத்தில்தான். 1945-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி அது நடந்தது.

"ஹிரோஷிமாவில் குழந்தைகள் சின்னம் இருக்கிறது. குண்டு பிறந்த ஊரில் அதற்கு ஒரு தங்கை வேண்டாமா?" இதுதான் அந்தப் பிள்ளைகளின் எண்ணம்.

நாடெங்கும் உள்ள குழந்தைகளைக் கேட்டார்கள். ஆளுக்கு ஒரு டாலர். கூடவே அவரவர் பெயர். பெரிய பணக்காரர் ஒருவரிடம் போய் நின்றிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் குழந்தைகளின் சிலைக்குக் குழந்தைகளின் காசு வேண்டும் என்று நினைத்தார்கள். அமெரிக்காவின் பல பாகங்களில் இருந்தும், வேறு பல நாடுகளில் இருந்தும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் அனுப்பினார்கள்.

சிலை எப்படி இருக்க வேண்டும்? அதையும் பெரியவர்களிடம் விடவில்லை. பிள்ளைகளிடையே போட்டி வைத்தார்கள். ஒரு மாணவரின் யோசனை வென்றது. உலக உருண்டை ஒன்று. அதில் கண்டங்கள் இருக்க வேண்டிய இடத்தில் செடிகொடிகளும் விலங்குகளும். எல்லாம் வெண்கலத்தில்.

"இடம் இல்லை!"

லாஸ் அலமோஸ் நகர நிர்வாக சபையிடம் சிலைக்கு இடம் கேட்டார்கள். சபை மறுத்துவிட்டது.

அந்தச் சிலையை வைத்தால், குண்டு செய்ததற்கு மன்னிப்புக் கேட்பது போல் ஆகிவிடுமே என்று ஊரில் சிலர் நினைத்தார்கள். அந்தக் குண்டுதான் போரை முடித்தது, அதனால் பல போர் வீரர்களின் உயிர் தப்பியது என்பது அவர்கள் கட்சி. அவர்களில் பலருக்கு அது சொந்த வாழ்க்கை. தாங்கள் செய்த வேலை.

எட்டு வயதுப் பிள்ளைக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் இது பெரிய பாடம். ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். நாவலில் அழுத கண்ணோடு வெளியே வந்தால், வேறொரு கண் எதிரே நிற்கிறது. அதற்கும் பதில் சொல்ல வேண்டும். இதை எந்த வினாத்தாள் கற்றுக் கொடுக்கும்?

பிள்ளைகள் சோர்ந்துவிடவில்லை. 1995-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து சரியாக 50 ஆண்டுகள் நிறைந்த அன்று, ஆல்புகர்க்கி நகரிலேயே சிலை திறக்கப்பட்டது. பின்னால் அது சாந்தா ஃபே நகருக்குப் போயிற்று. கேட்ட இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் சிலை நின்றது.

கடிதம், சித்திரம், சிற்பம், மேடைப் பேச்சு, பெயர்ப் பட்டியல், கணக்கு. ஒரு சின்ன நாவலுக்கு எத்தனை விதமான பதில்! "பல்லூடகம்" என்ற பெயர் பள்ளிக்கூடங்களில் பரவுவதற்கு முன்பே அந்தப் பிள்ளைகள் அதைச் செய்துவிட்டார்கள்.

ஒன்றரை நிமிடத்தில் ஒரு நாவல்

எல்லாப் பிள்ளைகளும் சிலை வைக்க முடியுமா? முடியாது. வைக்கவும் வேண்டாம். இன்று கையில் செல்போன் இருக்கிறது. அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கும் அமெரிக்காவிலேயே ஓர் உதாரணம் உண்டு.

அங்கே குழந்தைகளுக்கான சிறந்த புத்தகத்துக்கு ஆண்டுதோறும் "நியூபெரி" பதக்கம் கொடுக்கிறார்கள். 1922-ம் ஆண்டு முதல் இது நடக்கிறது. பதக்கம் பெற்ற நாவல்களைப் பள்ளிக்கூடங்களில் விரும்பிப் படிக்கிறார்கள்.

ஜேம்ஸ் கென்னடி என்ற எழுத்தாளர் 2011-ம் ஆண்டு ஒரு சினிமா விழாவைத் தொடங்கினார். படம் எடுப்பவர்கள் பிள்ளைகள். நியூபெரி பெருமை பெற்ற நாவல் ஒன்றை அவர்கள் படமாக எடுக்க வேண்டும். படம் ஓடும் நேரம் ஏறத்தாழ 90 வினாடி. அதாவது ஒன்றரை நிமிடம்!

அதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. கதை முழுவதையும் சொல்லிவிட வேண்டும். "அப்புறம் என்ன நடந்தது? புத்தகத்தில் பாருங்கள்" என்று விளம்பரம் போல் பாதியில் நிறுத்தக்கூடாது.

இந்த விதியில்தான் சூட்சுமம் இருக்கிறது. இருநூறு பக்கத்தை ஒன்றரை நிமிடத்தில் அடக்க வேண்டும் என்றால், எதை வைப்பது, எதை விடுவது? இந்தக் கேள்விக்கு விடை தெரிய வேண்டுமானால் புத்தகத்தை முழுவதும் படித்தே ஆக வேண்டும். ஒரு முறை படித்தால் போதாது. இரண்டு முறை, மூன்று முறை புரட்ட வேண்டும்.

ஓர் உதாரணம். 1928-ம் ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்றவர் ஓர் இந்தியர். வங்காளத்தில் பிறந்த தன் கோபால் முகர்ஜி. அந்த நாவல் ஒரு புறாவின் கதை. புறாவின் பெயர் சித்ரக்ரீவன். வண்ணக் கழுத்து உடையவன் என்று பொருள். கல்கத்தாவில் ஒரு பையன் அதை வளர்க்கிறான். புறா இமயமலைக்குப் போகிறது. முதல் உலகப் போரின்போது பிரான்சு தேசத்துப் போர்க்களத்தில் செய்தி கொண்டு பறக்கிறது. திரும்பி வரும்போது அதன் நெஞ்சில் பயம் புகுந்துவிடுகிறது. சிறகு இருந்தும் பறக்க மனம் இல்லை. அந்தப் பயத்தைப் போக்குவதுதான் கதையின் உயிர்நாடி.

இதைப் படம் எடுக்கப் போகும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? "குண்டு வெடிக்கிற இடத்தை வைப்போம்!" என்று ஒருவன் குதிப்பான். "அப்படியானால் பயம் தீருகிற இடத்துக்கு நேரம் இருக்காதே!" என்று ஒரு மாணவி மறிப்பாள். அந்த நாவலில் சில அத்தியாயங்களைப் பையன் சொல்கிறான். சில அத்தியாயங்களைப் புறாவே சொல்கிறது! அப்படியானால் குரல் கொடுக்க வேண்டியது யார்? புறா பேசினால் அதன் குரல் எப்படி இருக்கும்?

அந்தச் சண்டைதான் படிப்பு. எந்த இடம் கதைக்கு உயிர், எந்த இடம் அலங்காரம் என்று பிரித்துப் பார்க்கும் அறிவு அதில்தான் வளர்கிறது. கதைச் சுருக்கத்தை மனப்பாடம் செய்தவனுக்கு இந்தச் சண்டை வராது. ஏனென்றால் வேறு யாரோ அவனுக்காகச் சுருக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

644-ஆ, 1,000-ஆ?

மீண்டும் சடாகோவைப் பார்ப்போம்.

சடாகோ மடித்த கொக்குகள் 644 என்கிறது நாவல். மீதி 356 கொக்குகளை அவளுடைய தோழர்கள் மடித்து ஆயிரம் ஆக்கினார்களாம். படிப்பவர் கண்ணில் நீர் வரவழைக்கும் இடம் அது.

ஆனால் உண்மை வேறு. சடாகோ ஆயிரத்தையும் தாண்டி மடித்தாள் என்று அவளுடைய அண்ணன் மசாஹிரோ சொல்லியிருக்கிறார். ஹிரோஷிமா அமைதி நினைவுக் காட்சிசாலையும் அப்படியே சொல்கிறது. ஆயிரம் முடிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. மேலும் மடித்தாள்.

தேர்வில் "644" என்று எழுதினால் மார்க்கு கிடைக்கும். அதோடு விஷயம் முடிந்தது. ஆனால் சடாகோவைப் பற்றிக் குரல் பதிவு செய்யப் போகும் மாணவி, கொக்குகளின் படம் தேடுவாள். காட்சிசாலையின் குறிப்பைப் படிப்பாள். திடுக்கிடுவாள். "புத்தகத்தில் ஒன்று இருக்கிறது, இங்கே வேறு இருக்கிறதே!" என்று ஆசிரியரிடம் ஓடி வருவாள்.

அன்றைக்கு அவள் பெரிய உண்மை ஒன்றைக் கற்றுக்கொள்கிறாள். நாவல் என்பது வேறு. சரித்திரம் என்பது வேறு. ஆசிரியை ஏன் எண்ணிக்கையை மாற்றினார்? முடியாமல் போன ஆசையில் சோகம் அதிகம் என்று நினைத்தாரா? ஆயிரம் மடித்தும் பிழைக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய சோகம் இல்லையா? இப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளையை நாளைக்கு எந்தப் பொய்ச் செய்தியும் சுலபத்தில் ஏமாற்ற முடியாது.

அப்பா செய்த வேலைக்கு யாருக்கு மார்க்கு?

இவ்வளவு சொன்னாலும், பெற்றோர்களின் புகாரை ஒதுக்கிவிட முடியாது. பல்லூடகம் என்ற பெயரில் கேலிக்கூத்தும் நடக்கத்தான் செய்கிறது.

பல வீடுகளில் நடப்பது என்ன? மறுநாள் காலையில் ஒப்படைக்க வேண்டும். இரவு 10 மணிக்கு அப்பா அட்டையை வெட்டுகிறார். அம்மா வர்ணம் பூசுகிறாள். அண்ணன் கம்ப்யூட்டரில் படத்தை ஒட்டுகிறான். பிள்ளை தூங்குகிறது! காலையில் அதைத் தூக்கிக்கொண்டு போய் மார்க்கு வாங்கி வருகிறது. நாவலின் முதல் பக்கத்தைக்கூட அது பார்த்திருக்காது.

இப்போது இன்னொரு வசதியும் வந்துவிட்டது. செயற்கை அறிவு எந்திரம்! ஒரு வரி சொன்னால் போதும். படம் வரைந்து தருகிறது. குரல் கொடுக்கிறது. பாட்டுக்கூடப் போடுகிறது. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் நாவலைப் படித்தது யார்? எதை வைப்பது, எதை விடுவது என்று சண்டை போட்டது யார்? ஒருவரும் இல்லை.

வசதி உள்ள வீட்டுப் பிள்ளை உயர்ந்த கேமராவோடு வருகிறது. ஏழை வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? பளபளப்புக்கு மார்க்கு போட்டால், பணத்துக்கு மார்க்கு போட்டது போல் ஆகிவிடும். இது பெரிய அநியாயம்.

இந்தக் குறைகளுக்கு மருந்து இல்லாமல் இல்லை. வேலை முழுவதும் வகுப்பிலேயே, ஆசிரியர் கண் முன்னால் நடக்க வேண்டும். நாலு பிள்ளைகள் சேர்ந்து செய்தால், நாலு பேருக்கும் தனித்தனிப் பொறுப்பு வேண்டும். ஒரு செல்போனை வகுப்பு முழுவதும் பகிர்ந்துகொள்ளலாம். அதுவும் இல்லையா? காகிதம் போதும். சடாகோவின் கையில் இருந்தது மருந்து சுற்றிய காகிதம்தானே!

எழுத்தையும் கைவிடக்கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். "இந்தக் காட்சியை ஏன் வைத்தேன்? அந்தக் காட்சியை ஏன் விட்டேன்?" இவ்வளவுதான் கேள்வி. எந்திரத்திடம் செய்து வாங்கியவன் இந்த ஒரு பக்கத்தில் மாட்டிக்கொள்வான். உண்மையாகப் படித்தவனுக்கு ஒரு பக்கம் போதாது. இன்னொரு தாள் கேட்பான்!

எழுதத் திணறும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். கதை அவர்களுக்குப் புரியும். மனம் உருகும். ஆனால் பேனாவை எடுத்தால் வார்த்தை வராது. விடைத்தாளைப் பார்த்து அவர்களுக்கு "மக்கு" என்று பட்டம் கட்டிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளை ஒரு படம் வரையட்டும். ஒரு குரல் கொடுக்கட்டும். தான் வரைந்த படத்தைப் பற்றிச் சொல்லும்போது, நின்றுபோன வார்த்தை தானாக வரும். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த முறையை வரவேற்கலாம்.

வீட்டில் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

ஆகவே, பிள்ளை நாளைக்கு வந்து, "நாவலைப் படமாக எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்" என்றால், பெற்றோர்கள் கோபிக்க வேண்டாம். கத்தரிக்கோலைத் தேடவும் வேண்டாம். 3 கேள்விகள் கேட்டால் போதும்.

முதல் கேள்வி: "கதையில் உன் மனதை விட்டுப் போகாத இடம் எது?"

இரண்டாவது கேள்வி: "கதையில் எதை விட்டுவிட்டாய்? ஏன்?"

மூன்றாவது கேள்வி: "கதையில் இருப்பதில் எது உண்மை, எது கற்பனை? எப்படிக் கண்டுபிடித்தாய்?"

இந்த மூன்றுக்கும் பிள்ளை மளமளவென்று பதில் சொன்னால், அது படிப்புத்தான். சந்தேகமே வேண்டாம். விழித்தால், எவ்வளவு பளபளப்பான படமாக இருந்தாலும் அது வீண் வேலை. இந்தக் கேள்விகளைக் கேட்பதற்குப் பெற்றோர்கள் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடக் கேட்கலாம். கதை கேட்பதில் பாட்டிக்கு மிஞ்சியவர் யார்?

ஹிரோஷிமாவில் உள்ள அந்தச் சின்னத்துக்கு இன்றும் உலகமெங்கும் இருந்து காகிதக் கொக்குகள் வந்து குவிகின்றன. ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி! எடை போட்டால் 10 டன்.

அனுப்புகிறவர்களில் மிகப் பலர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சடாகோவின் கதையைக் கேட்டவர்கள், படித்தவர்கள். தங்கள் கையால் ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியவர்கள்.

தேர்வுக்கு எழுதிய விடையைப் பிள்ளைகள் அடுத்த ஆண்டே மறந்துவிடுகிறார்கள். கை மடித்த கொக்கை மறப்பதில்லை.